நேராக மேலே குதித்தவன்

சேகருக்கு,

பெற்ற அப்பன்தான், ஆனாலும் நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பவன்தான் அப்படி ஒரு கார்டு எழுதுவான். கல்யாணத் தேதி, முகூர்த்த நேரம், விழுப்புரத்தில் எந்தத் தெரு என்று எல்லாம் எழுதி முடித்துவிட்டு, இடம் போதாமல் கார்டைத் திருப்பி ஓரத்தில், "அந்த மொண்டியக் கூட்டிக்கினு வந்துடாதீங்க, நாலு பேர் முன்னால அசிங்கமாப் போயிடும்" என்று எழுதியிருக்கிறாய். கார்டை எவன் வேண்டுமானாலும் படிப்பான் என்பது கூடத் தெரியாத உன்னை உன் மாமன் எதை நம்பிக் குமாஸ்தா வேலையில் சேர்த்துவிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வருஷமாகிறது. எனக்கு வருகிற தபாலையெல்லாம் அருள்தான் படித்துச் சொல்கிறான். உன் கார்டையும் அவன்தான் படித்தான். அந்த ஓரத்து வரியையும் குரல் மாறாமல் படித்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்ல மேஸ்திரி" என்று மடித்து என் கையில் கொடுத்தான்.

உனக்குப் பதில் எழுதவும் அவனைத்தான் உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். ஒரு வார்த்தை விடக் கூடாது, ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரியும்.

இதை நீ மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போடுவதற்காக நான் எழுதவில்லை. உன் மாமனும் படிக்க வேண்டும், உனக்குக் கழுத்தை நீட்டப் போகும் அவர் மகளும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை எண்ணெய் ஆட்டுகிற மில்லில் நான் இன்ஜின் மேஸ்திரி. அருளின் அப்பன் சவரி, முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே மில்லில் மூட்டை தூக்கியவன். அருளும் நீயும் ஒரே வயது. மில்லுக்குப் பின்னால், நம் வீட்டை ஒட்டி, மல்லாட்டை காய வைக்கிற சிமெண்ட் களம் இருக்கிறது. வரத்து இல்லாத மாதங்களில் அது வழவழவென்று காலியாகக் கிடக்கும். அந்தக் களத்தில்தான் நீங்கள் இருவரும் வளர்ந்தீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்க் குடம் இல்லை, ஒரே தட்டு இல்லை, ஆனால் களம் ஒன்றுதான்.

உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, நின்றுகொண்டே ஓட்டுகிற பலகை வண்டி வேண்டும் என்று அடம் பிடித்தாய். மற்றப் பிள்ளைகள் பேரிங் வண்டியில் உட்கார்ந்து போவார்கள், உனக்கு நிற்க வேண்டும். லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட நான்கு பேரிங்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய அழுக்கெல்லாம் போகக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, மாம்பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் இரண்டு கட்டை அடித்து, கட்டை முனைகளில் பேரிங்குகளை இறுக்கிக் கொடுத்தேன். களத்தில் அது போகிற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். நின்று போகப் பழகிய பிறகு உனக்கு அது போதவில்லை. ஓடுகிற பலகையில் நின்றபடியே குதித்து, குறுக்கே நீட்டிய மூங்கில் கம்பைத் தாண்ட வேண்டும் என்றாய். ஆள் கம்புக்கு மேலே, பலகை கம்புக்குக் கீழே. அந்தப் பக்கம் அதே பலகையில் வந்து இறங்க வேண்டும். உன் ஆசையெல்லாம் அப்போதே பெரியதுதான். உடம்பு மட்டும் மூட்டை மாதிரி.

சொல்லிக் கொடுத்தது நான்தான். எனக்கும் அது தெரியாது, ஆனால் எது ஓடினாலும் எப்படி ஓடுகிறது என்று உற்றுப் பார்த்தே பிழைத்தவன். முதலில் பலகையை மடித்த சாக்கின் மேல் வைத்து, ஓடாதபடி நிறுத்தி, நின்ற இடத்திலேயே குதிக்கச் சொன்னேன். முட்டியை மடக்கிக் குதி, மடக்கியபடியே இறங்கு, விறைத்துக்கொண்டு இறங்காதே. இரண்டு காலும் அச்சுக் கட்டைகளுக்கு நேர் மேலே விழ வேண்டும், நடுவில் விழுந்தால் பலகை முறியும். காலைப் பார்க்காதே, போகிற திசையைப் பார். இதெல்லாம் உனக்கு ஒரு வழியாக வந்தது. பலகையை ஓட விட்டதும் பழைய கதைதான். பலகை உன்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நீ முன்னால் எட்டிக் குதிப்பாய். நீ உதைத்த உதையில் பலகை பின்னால் ஓடும். நீ சிமெண்டில் உட்காருவாய். "பயந்துக்கினு முன்னால எகிர்றியே, நீ எகிர்றதாலதாண்டா அது பின்னால போவுது. நேரா மேல குதி. பலகை ஓடிக்கினுதானே கீது, அது தானா வந்து காலடியில நிக்கும்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். அன்பாகச் சொல்லவில்லை. இன்ஜின் ரூம் வாசலில் நின்றுகொண்டு, மூட்டை இறக்குகிற ஆட்களும் சிரிக்கும்படித்தான் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். உனக்கு முகம் சிவந்தது. சிவந்தால் கற்றுக்கொள்வாய் என்று நினைத்தேன்.

அருள் அது வரை கம்பு பிடித்துக்கொண்டு நிற்பவன். அவன் பலகையில் ஏறுவதை நீ விடவில்லை. ஒரு நாள் நீ விழுந்து, கோபித்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாய். பலகை சும்மா கிடந்தது. "மேஸ்திரி, நான் ஒரு வாட்டி குதிக்கட்டா" என்று கேட்டான். போடா என்றேன். கம்பைச் சவரி பிடித்தான். பையன் ஓடி வந்து ஏறினான், நேராக மேலே போனான், பலகை கம்புக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது, அதன் மேல் வந்து இறங்கினான். நான் உனக்குச் சொன்னதையெல்லாம் அவன் கம்பைப் பிடித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். நான் உன்னைப் பார்த்து, "பாத்தியாடா, ஒனக்குக் கத்துக் குடுத்தது எவனுக்குப் போய்ச் சேந்துது பாரு" என்றேன். அதைச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உன் அம்மா இன்று வரை சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் திட்டு வாங்கின பிள்ளைகளெல்லாம் நீ செய்த காரியத்தைச் செய்வதில்லை.

இனி உன் மாமன் மகளுக்குத் தெரியாத பகுதி வருகிறது. அந்த வருஷத்து ஆயுத பூஜை. மில் நின்றுவிடும். இன்ஜினைக் கழுவிப் பொட்டு வைப்போம். ஸ்பேனர், சுத்தியல், எண்ணெய்க் கேன், கிரீஸ் டப்பா எல்லாம் படையலில் இருக்கும். மறுநாள் காலை எடுக்கிற வரைக்கும் யாரும் அவற்றைத் தொடக் கூடாது. முதலாளி குடும்பத்தோடு காரில் வந்து பொரி கொடுத்தார். தன் மகன் ஓட்டி முடித்த சின்ன சைக்கிள் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். உங்கள் இரண்டு பேரின் குதியைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எவன் உயரமாகத் தாண்டுகிறானோ அவனுக்கு இந்தச் சைக்கிள் என்றார். அந்தச் சைக்கிளைப் பார்த்த உன் கண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குள் நீயும் ஓரளவு தாண்டக் கற்றிருந்தாய். கம்பைக் கணுக்கால் உயரத்தில் வைத்தார்கள், இருவரும் தாண்டினீர்கள். இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார்கள், தாண்டினீர்கள். முட்டி உயரத்துக்கு வைத்தபோது உன் கால் கம்பைத் தட்டிவிட்டது. கம்பு கீழே விழுந்தது. அருள் அதைத் தாண்டிவிட்டால் சைக்கிள் அவனுக்கு.

அப்போது நீ பலகையைத் தூக்கிக்கொண்டு, "கிறீச்சுங்குது, எண்ணெ வுட்டுக்கினு வர்றேன்" என்று எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போனாய். ஜல்தியாகத் திரும்பி வந்து அருளிடம் கொடுத்தாய். அவன் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "வண்டி கனமாக்கீதுடா சேகரு" என்றான். "கம்பு ஒசரத்தப் பாத்து பயந்துட்டியா" என்றாய் நீ. முதலாளி வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவன் ஏறி ஓடி வந்தான். ஆள் மேலே நிற்கும் வரை கனத்தால் பலகை ஓடியது. அவன் குதித்து, பாரம் போனதும், பலகை கம்புக்கு இந்தப் பக்கமே தயங்கி நின்றுவிட்டது. அவன் கம்பைத் தொடாமல் தாண்டினான். தாண்டிய இடத்தில் பலகை இல்லை. அதை எதிர்பார்த்து மடக்கிய முட்டியோடு நேராகச் சிமெண்டில் விழுந்தான். முட்டிச் சில்லு உடைந்த சத்தம் பொரி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கூடக் கேட்டது. சவரி கம்பைப் போட்டுவிட்டு ஓடினான். முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். போவதற்கு முன்னால் சைக்கிளை உன்னிடம் கொடுக்கச் சொன்னார். நீ வாங்கிக்கொண்டாய்.

எல்லாரும் போன பிறகு நான் பலகையைக் கவிழ்த்துப் பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். மல்லாட்டை எண்ணெய். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கிரீஸ் டப்பா படையல்ல கீதுப்பா, தொடக் கூடாதே, அதான் மில்லு எண்ணெய ஊத்தினேன், தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாய். நல்ல பதில். வேறு எவனாக இருந்தாலும் நம்பியிருப்பான். மில் ஜனங்கள் கதவுக் கீலுக்கும் மல்லாட்டை எண்ணெய்தான் விடுவார்கள், தலைக்கும் அதுதான். ஆனால் நீ என் மகன். அதற்கு முந்தின வருஷம்தான் என் சைக்கிள் செயினில் நீ மல்லாட்டை எண்ணெய் விட்டு, தூசி ஏறிப் பிசினாகி, நான் உன் முதுகில் நான்கு வைத்து, இயந்திரத்துக்கு அதை விடாதே என்று சொல்லியிருந்தேன். அதைக் கூட மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வேன். என் விரலில் வந்தது எண்ணெய் இல்லை, மண்டி. தொட்டிக்கு அடியில் மணலும் பிண்ணாக்குத் தூளும் சேர்ந்து களி மாதிரித் தங்குகிறதே, அந்த மண்டி. எண்ணெய் வேண்டுமென்கிறவன் மேலே மொண்டுகொள்வான். நீ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கையைத் தோள் வரைக்கும் தொட்டியில் விட்டு, அடியில் வழித்து எடுத்து, நான்கு பேரிங்கிலும் விரலால் அடைத்திருக்கிறாய். உன் அக்குள் வரைக்கும் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. தெரியாமல் செய்கிறவன் அவ்வளவு சிரமப்பட மாட்டான்.

அன்று நான் உனக்குச் செய்ததைத்தான் நீ விழுப்புரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். உன் அப்பன் ராட்சசன், காரணமே இல்லாமல் தாடையைக் கிழித்தான் என்று. காரணம் இதுதான். அதே பலகை, அதே மண்டி, அதே உயரத்தில் கம்பு. நீ குதி என்றேன். விழுந்தாய். மறுபடி குதி என்றேன். அழுதாய். அழுதுகொண்டே குதி என்றேன். தாடை கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்த பிறகும் பலகையை எடுத்து வைத்தேன். உன் அம்மா ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ரயிலிலேயே விழுப்புரத்தில் உன் மாமன் வீட்டில் கொண்டு போய் விட்டாள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னும் நான்கு முறை குதிக்க வைத்திருக்கலாம் என்று மட்டும் நினைத்ததுண்டு.

நீ வாயைத் திறந்து அருளிடம் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தாய். அருள் காலை இழுத்துக்கொண்டு வந்து உன்னை விசாரிப்பான். நீ சைக்கிளைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, அப்புறம் வேலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாய். மடங்காத காலோடு மூட்டை தூக்க முடியாது என்று அவனை இன்ஜின் ரூமில் சேர்த்துக்கொண்டேன். "எனக்குச் சேர வேண்டிய எடத்துல அவன ஒக்கார வெச்சிட்டாரு" என்று அதற்கும் உன் அம்மாவிடம் புலம்பினாய். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இன்றைக்கும் அந்தக் களத்தில் பிள்ளைகள் பலகை ஓட்டுகிறார்கள். அருள் தூணில் சாய்ந்துகொண்டு அவர்களுக்குச் சொல்வான்: "நேரா மேல குதிங்கடா. நான் ஆசப்பட்டு முன்னால எகிறிட்டேன். அதான் இப்டிக் கெடக்கறேன்." பத்து வருஷத்துக்கு மேலாக அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். கால் போனது போதாதென்று, அது தன் தப்பு என்பதையும் சேர்த்துச் சுமக்கிறான். அவனைத்தான் நீ மொண்டி என்று கார்டில் எழுதினாய்.

இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டு அருள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் காலை இழுக்கிற சத்தம் இன்ஜின் ரூமுக்குப் போய், அங்கிருந்து களத்துக்குப் போயிற்று. வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். உன்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நான் நேராத்தான் குதிச்சிருக்கேன்" என்றான். அதையே இன்னொரு முறையும் சொன்னான், எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. அவன் குரலில் சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது, அதைக் கேட்க என்னால் முடியவில்லை. பிறகு, "இத்தினி வருசமா என்னப் பக்கத்துலயே வெச்சிக்கினு இருந்தீங்களே மேஸ்திரி. நீங்களும் சொல்லலியே" என்றான். அது சேகர் சொல்ல வேண்டியது என்று உன்னைக் கை காட்டினேன். "அவன் பயந்தவன். ஒங்களுக்கு இன்னா பயம்" என்றான். இதையும் விடாமல் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டான்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நான்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்கு நான் சொல்வது அன்று களத்தில் சொன்னதுதான். எங்கே போய்விடுமோ, எவன் எடுத்துக்கொள்வானோ என்று பயந்து முன்னால் எட்டிக் குதிக்காதே. மாமன் வீடு, வேலை, பெண் எல்லாவற்றையும் நீ அப்படித்தான் பிடித்தாய். அந்தப் பெண் உன் தாடையில் இருக்கும் தழும்பைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் சம்மதித்தாள் என்று உன் அம்மா சொன்னாள். வேறு ஒருவனுக்குச் சேர வேண்டிய இரக்கத்தை நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தும் அவள் சம்மதித்தால் நல்ல பெண். சம்மதிக்காவிட்டால் புத்திசாலி. இந்த அரிசித் தட்டுப்பாட்டில் உன் மாமனுக்குக் கல்யாணச் செலவும் மிச்சம்.

நான் வருவேனா என்று கேட்டிருக்கிறாய். அது உன் கையில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது, களம் காலியாக இருக்கும். காலையில் பஸ் ஏறித் திண்டிவனத்துக்கு வா. அந்தப் பலகையை நான் எறியவில்லை, பரண் மேல் போட்டிருந்தேன். மண்டி காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அருள் அதைக் கீழே இறக்கி, பேரிங்குகளைக் கழற்றி, மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினான். கலகலவென்று சுற்றுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. பிறகு எதையோ அடைத்துத் திரும்ப மாட்டினான். நீ வந்தால் அதே முட்டி உயரத்தில் அவன் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நீ அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒரு முறை குதிக்க வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு அவனும் நானும் உன் கல்யாணத்துக்கு வருவோம், அவன் எனக்குப் பக்கத்து இலையில் உட்காருவான். நீ வராவிட்டால் நாங்களும் வர மாட்டோம். உனக்கு அப்பன் செத்துவிட்டான் என்று மணவறையில் சொல்லிக்கொள்.

பேரிங்கில் என்னடா போட்டே, கிரீஸா மண்டியா என்று இப்போதுதான் அவனைக் கேட்டேன். "அது மட்டும் கேக்காதீங்க மேஸ்திரி" என்றான். பலகை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. நான் மோந்து பார்க்கவில்லை.

சொன்னது உன் அப்பா.
எழுதியது அருளப்பன்.